பீட்டிலின் ஹீட்டர்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களிடம் ஹீட்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதில் சூடெல்லாம் வராது, கம்பளி எடுத்துக்கொண்டு போங்கள்." என்னிடம் இருப்பது 1971 மாடல் 1300. இந்தக் குளிர்காலத்தில், சாலையில் உப்பு தூவாத நாட்களில் எல்லாம் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் அதைத்தான் ஓட்டினேன். 1285 சிசி, 44 குதிரைத்திறன், பின்னால் எஞ்சின் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. கார் ஓடும் அழகைப் பற்றியும் எழுத ஆசைதான். ஆனால் இந்தக் காரோடு நான் கழித்த நேரத்தில் பெரும்பகுதி அதன் அடியில் மல்லாந்து படுத்து ஹீட்டரைச் சரி செய்ததில் போனது. அதனால் இந்தக் கட்டுரை ஹீட்டரைப் பற்றியது.

வாங்கியபோது நிலைமை மோசம். பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி குளிரில் அரை மணி நேரம் ஓட்டினாலும், முன் கண்ணாடியின் அடி விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு அரைவட்டங்கள் மட்டுமே பனி விலகும். மற்ற இடமெல்லாம் மூச்சுக்காற்று படிந்து உள்பக்கமாகவே உறைந்துவிடும். துணியால் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்ட வேண்டும். கால் விரல்கள் மரத்துப்போகும்.

பெரும்பாலான மற்ற கார்களில் ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரில் ஒரு கிளை ஹீட்டருக்கும் போகும். பீட்டிலில் தண்ணீருக்கே வேலையில்லை. சிலிண்டர்களைக் குளிர்விக்கும் அதே ஃபேன்தான் நமக்கும் காற்று அனுப்புகிறது. ஃபேன் கூட்டிலிருந்து இரண்டு தடித்த ஹோஸ்கள் இறங்கி, எஞ்சினின் இரு பக்கமும் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர்களுக்குள் நுழைகின்றன. நான்கு சிலிண்டர்களில் முன்னால் இருக்கும் இரண்டின் புகைக்குழாய்கள் இவற்றுக்குள்தான் ஓடுகின்றன. குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். அவற்றை உரசிப் போகும் காற்று சூடேறி, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிகள் வழியாக முன்னால் வந்து, காலடியிலும் கண்ணாடி அடியிலும் வெளியேறும். 1962 வரை சிலிண்டரைக் குளிர்வித்த காற்றே நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் அந்த வாடையும் கூடவே வரும். அதைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு செய்தார்கள். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. வீணாகப் போகும் அந்தச் சூட்டை ஒரு மோட்டாரோ பம்போ கூட இல்லாமல் பிடித்து உள்ளே கொண்டுவரும் வடிவமைப்பு இது. பொறியியல் தெரிந்தவர்கள் யாரும் இதை மட்டமாகப் பேசக்கூடாது.

அப்படியானால் சூடு எங்கே போயிற்று? வழியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. முதலில் கேபிள். ஹேண்ட்பிரேக்குக்கு வலப்பக்கம் உள்ள லீவரைத் தூக்கினால், பின்னால் எக்ஸ்சேஞ்சர்களின் வாயில் இருக்கும் மடல்கள் திறக்க வேண்டும். இடப்பக்க லீவர் பின்சீட்டுக்காரர்களின் கால்களுக்கு. என் காரில் வலது மடலின் அச்சு துருவேறி இறுகிக் கிடந்தது. கேபிள் இழுத்தது, மடல் அசையவில்லை. மடல் மூடியிருந்தால் சூடான காற்று முழுவதும் காருக்கு அடியில் தெருவுக்குப் போய்விடும். துருநீக்கி எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஆட்டி விடுவித்தேன். அடுத்தது ஹோஸ்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்தன, மடிப்புகளில் கிழிசல். ஆறு ஏழு இடங்களில் காற்று கசிந்தால் முன்சீட்டுக்கு என்ன மிஞ்சும்?

இதெல்லாம் கைவேலை. என்னைக் கோபப்படுத்தியது எக்ஸ்சேஞ்சர்தான். முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். கறுப்புப் பெயின்ட் பளபளக்கிறது. கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் வெறும் குழாய். ஒரு தகடு இல்லை. வெளிக்கூடு மட்டும் அசல் மாதிரி. விலை குறைவு என்று இப்படிப்பட்ட நகல்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. தகடுகளே இல்லாத எக்ஸ்சேஞ்சர் திரியில்லாத விளக்கு. காற்று குழாயைத் தொட்டும் தொடாமலும் ஓடிவந்துவிடும், சூடேறாது. இதை மாட்டிக்கொண்டுதான் பலர் ஃபோக்ஸ்வேகனைத் திட்டுகிறார்கள்.

அசல் பழைய ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கையில் தூக்கும்போதே கனத்தில் வித்தியாசம் தெரிந்தது. மாட்டுவதற்கு முன் செய்தே தீர வேண்டிய வேலை ஒன்று உண்டு. புகைக்குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, முழுதாகத் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். ஒரு குமிழி வந்தாலும் அந்தப் பாகம் பழைய இரும்புக்கடைக்குத்தான். அந்த ஓட்டை வழியாக எஞ்சின் புகை நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும், சமயத்தில் அப்போதும் தெரியாது. எஞ்சின் தலையில் இணைக்கும் இடத்தில் பழைய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். நட்டுகளைச் சூடுகாட்டிப் பொறுமையாகக் கழற்றுங்கள். பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறிந்து எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

கடைசியில் தெர்மோஸ்டாட். வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் பித்தளையில் சின்னத் துருத்தி ஒன்று இருக்கும். எஞ்சின் 65 முதல் 70 டிகிரியைத் தொடும்வரை ஃபேன் கூட்டின் மடல்களை அது மூடியே வைத்திருக்கும், எஞ்சின் சீக்கிரம் சூடேறும். என் காரில் அதையும் கழற்றி எறிந்திருந்தார்கள். 'எஞ்சினுக்கு நல்லது' என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையில் பல பட்டறைகளில் இன்றும் இப்படிச் செய்கிறார்கள். தொழிற்சாலை தேவையில்லாமல் ஒரு பாகத்தை வைக்குமா என்று யோசிக்க வேண்டாமா? எக்ஸ்சேஞ்சரையே தூக்கிவிட்டு வெறும் வளைகுழாய் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எடை குறையும் என்கிறார்கள். குளிர்நாட்டில் இது பைத்தியக்காரத்தனம்.

சிலர் சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன மின்சார ஹீட்டர் வாங்கச் சொன்னார்கள். கணக்குப் போடுங்கள். இந்தக் காரின் டைனமோ 30 ஆம்பியர், 12 வோல்ட்டில் அதிகபட்சம் 360 வாட். 150 வாட் ஹீட்டர் ஒன்றே பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் மீதியில் ஓட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ அந்த 30-ஐயும் தராது. எபர்ஸ்பேக்கர் நிறுவனத்தின் பெட்ரோல் ஹீட்டரை அந்தக் காலத்தில் விரும்பியவர்கள் கூடுதலாக மாட்டிக்கொண்டார்கள். அது நல்ல சரக்கு. ஆனால் இன்று அதைப் பராமரிக்கத் தெரிந்த கை கிடைப்பது அரிது.

எல்லாம் மாட்டிய பிறகு, ஏ8 நெடுஞ்சாலையில் ஸ்வாபியன் ஆல்ப் மலையேற்றத்துக்குக் கொண்டுபோனேன். எஞ்சின் பாடுபட்டு ஏறும் இடம் அது. பாதி மலையில் கோட்டைக் கழற்றினேன். உச்சிக்குப் போவதற்குள் லீவரைப் பாதிக்கு இறக்க வேண்டியிருந்தது. கண்ணாடி மேல் விளிம்புவரை தெளிவு. நகரத்துக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது சூடு குறையத்தான் செய்கிறது. எஞ்சின் வேகம் குறைந்தால் ஃபேன் வேகமும் குறையும்தானே? அந்தக் குறை இந்த வடிவமைப்போடு பிறந்தது, மாற்ற முடியாது.

பீட்டில் வாங்கப் போகிறீர்களா? கதவுக்குக் கீழே உள்ள பெட்டிகளை முதலில் பாருங்கள். துருவை மறைத்து மேலே தகடு பற்றவைத்திருந்தால் வாங்காதீர்கள். சூட்டைக் கொண்டுவருவது மட்டுமல்ல, காரின் உறுதியும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. ஃபேன் கூட்டிலிருந்து இறங்கும் ஹோஸைக் கழற்றி எக்ஸ்சேஞ்சருக்குள் டார்ச் அடியுங்கள். அலுமினியத் தகடு தெரியாவிட்டால் நல்ல ஜோடிக்கான பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள். வாங்கிய அன்றே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் வாங்கி காருக்குள் வையுங்கள். அது இல்லாமல் ஹீட்டர் லீவரைத் தொடாதீர்கள்.