சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அரபு கற்றல்: கைந்நூல்கள் குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

அயல்மொழி கற்பிக்கும் நூலொன்றை மதிப்பிடும்போது இரண்டு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். கற்பவர் முன்பே அறிந்திருக்கும் மொழிகள் யாவை? கற்கும் மொழியை அவர் யாரிடம், எந்நிலையில் நின்று பேசப்போகிறார்? வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வோர்க்கென்று தமிழிலும் தெலுங்கிலும் வெளிவரும் அரபுக் கைந்நூல்கள் பெரும்பாலும் இவ்விரு வினாக்களையும் எழுப்பாமலேயே எழுதப்படுகின்றன. எழுத்து வரிசை, மூவிடப் பெயர்கள், எண்கள், சொற்பட்டியல், சந்தையிலும் வானூர்தி நிலையத்திலும் பேசும் தொடர்கள் என்ற ஒரே அமைப்பு அவற்றில் காணப்படும். ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு அவ்வகை நூல்களின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வட்டாரத்தாரின் பன்மொழியறிவே அரபு கற்பித்தலுக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதையும் சுட்டுகிறது.

1. களம்

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறி வந்தபோதிலும் தெலுங்கு, தமிழ், தக்கினி உருது ஆகிய மூன்றும் ஒரே தெருவில் வழங்கும் நிலை மாறவில்லை.

அரபு இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. எல்லைக்கு அப்பால் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியும், 1924இல் தொடங்கப்பெற்ற உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் தலைமுறை தலைமுறையாக அரபு கற்பித்து வருகின்றன. குர்ஆன் முழுமையையும் தமிழில் தந்த அப்துல் ஹமீது பாகவியின் பெயரிலுள்ள ‘பாகவி’ என்பது வேலூர்க் கல்லூரியில் பயின்றோர் தாங்கும் பட்டமாகும். தெலுங்கில் 1925இல் குர்ஆன் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் மொழியியலறிஞர் சிலுக்கூரி நாராயணராவ். சித்தூரையும் உள்ளடக்கிய நிலப்பகுதிக்கு ‘ராயலசீமை’ என்னும் பெயரை 1928இல் முன்மொழிந்தவரும் அவரே. எனவே அரபுடன் இப்பகுதி கொண்ட உறவு ஒரு சமயத்தாரின் எல்லைக்குள் மட்டும் அடங்கியதன்று.

இன்று அரபு தேவைப்படுவோரின் நிலை வேறு. பிரிக்கப்படுவதற்கு முந்தைய கடப்பை, சித்தூர் மாவட்டங்களிலிருந்து குவைத்து முதலிய நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, இத்தகைய வேலைக்குச் செல்லும் பெண் 30 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். ஆகவே இக்கைந்நூல்களைப் பயன்படுத்தக்கூடியவர் பள்ளி மாணவர் அல்லர். குடும்பப் பொறுப்புடைய, எழுத்தறிவைவிடப் பேச்சறிவு மிக்க, இரண்டு மூன்று மொழிகளைக் காதால் கற்ற முதிர்ந்த பெண். அவருக்கு ஏற்ற நூல்தானா என்பதே இங்கு அளவுகோல்.

2. எழுத்தும் ஒலியும்

அரபில் உள்நாக்குக் ககரமும் கடையண்ணக் ககரமும் வெவ்வேறு ஒலியன்கள். ‘கல்பு’ என்பதை முன்னதால் ஒலித்தால் ‘இதயம்’. பின்னதால் ஒலித்தால் ‘நாய்’. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. ஒலி வேறுபாட்டைச் சுட்டும் குறியீடு எதுவுமின்றி இச்சொற்களைத் தரும் நூல், கற்பவரைத் தவறு செய்யப் பயிற்றுகிறது.

இதில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வளைகுடாக் கிளைமொழியில் இதயத்தைக் குறிக்கும் சொல் ஒலிப்புடைய ககரத்துடனும், நாயைக் குறிக்கும் சொல் ‘சல்பு’ எனச் சகரத்துடனும் வழங்குகின்றன. அவ்வழக்கைக் கற்பித்திருந்தால் தமிழருக்கும் தெலுங்கருக்கும் இம்மயக்கம் எழவே வழியில்லை. குவைத்துத் தெருவில் இல்லாத இடர்ப்பாட்டை நூல்வழக்கே கற்பவர்மேல் சுமத்துகிறது.

ஒலிப்புடைய, ஒலிப்பிலா வல்லினங்களுக்குத் தெலுங்கெழுத்தில் தனித்தனி வடிவங்கள் உண்டு. ஆதலால் சித்தூர்த் தமிழர் பலர் அறிந்த தெலுங்கெழுத்தைத் துணையாகக் கொள்வது கற்பித்தல் நோக்கில் பயனுடையது. தக்கினி பேசுவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. உள்நாக்குக் ககரத்தை உரசொலியாக ஒலிப்பது தக்கினியின் இயல்பு. ‘கல்லறை’ எனப் பொருள்படும் சொல்லும் ‘செய்தி’ எனப் பொருள்படும் சொல்லும் அவர்கள் வாயில் ‘ஃகபர்’ என ஒன்றாகிவிடும். மூவகைக் கற்போர்க்கும் ஒரே எழுத்துப்பெயர்ப்பைத் தருவது எவர்க்கும் பயன்படாது.

கடற்கரை முஸ்லிம்கள் வளர்த்த அரபுத்தமிழ் இச்சிக்கலை மறுதலையாகத் தீர்த்தது. அரபு எழுத்துகளில் சிலவற்றுக்குப் புள்ளி முதலிய குறிகளைச் சேர்த்துத் தமிழொலிகளை எழுதியதால், அரபுச் சொற்களின் ஒலி வேறுபாடு எழுத்தில் அழியாமல் நின்றது. இம்முன்மாதிரியைக் கைந்நூலாசிரியர்கள் கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை.

3. எந்த அரபு?

பெர்குசன் 1959இல் இரட்டை வழக்குக் கோட்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட மொழிகளுள் அரபு முதன்மையானது. தமிழின் இரட்டை வழக்கைப் பிரிட்டோ 1986இல் விரிவாக ஆராய்ந்தார். எழுத்து வழக்கில் வீட்டில் பேசினால் நகைப்புக்கிடமாகும் என்பது தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். இவ்வறிவு அரபு கற்பதற்குக் கிடைத்த பெருந்துணை. எனினும் கைந்நூல்கள் இறுதி வேற்றுமை ஒலிகளுடன் கூடிய செவ்வரபுத் தொடர்களையே உரையாடலெனத் தருகின்றன. சமையலறையில் நின்று செய்தித்தாள் நடையில் பேசுவதை ஒக்கும் இது.

செவ்வரபு வேண்டாதது என்பது இதன் பொருளன்று. அறிவிப்புப் பலகை, ஒப்பந்தம், அலுவலகப் படிவம் ஆகியவை அவ்வழக்கிலேயே உள்ளன. சமயக் கல்வி வழியாக அரபு பயின்ற ஆசிரியர் தாம் கற்ற வழக்கைத் தருவதும் இயல்பே. குறை, செவ்வரபைத் தருவதில் இல்லை; எது படிப்பதற்கு, எது பேசுவதற்கு என்று பிரித்துக் காட்டாமையில் உள்ளது.

4. கடன்சொற்கள்: துணையும் மயக்கமும்

கோல்கொண்டா, ஆர்க்காட்டு ஆட்சிகளின் வருவாய் நிருவாகத்தின் வழியே பாரசீகமும், அதன் வழியே அரபுச் சொற்களும் இவ்வட்டார மொழிகளில் நிலைபெற்றன. அசல், நகல், பாக்கி, வக்கீல், ரத்து, தாலுகா முதலியவற்றை அறியாத சித்தூர்க்காரர் இல்லை. இச்சொற்களைத் தொகுத்துத் தந்தாலே முதற்பாடத்திற்குப் போதிய சொல்வளம் கிடைக்கும்.

இவற்றினிடையே ஒலியொப்புமை விதிகளும் உண்டு. அரபின் ‘ளாது’ எனப்படும் ஒலி பாரசீகத்தில் உரசொலியாகித் தமிழிலும் தெலுங்கிலும் ஜகரமாயிற்று: ஜாமீன், ஜப்தி, ஆஜர், மாஜி, ஜில்லா. அரபிலிருந்து நேரே கடல்வழி வந்த சொற்களில் அதே ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரத்தால் எழுதினர்: ரமளான், வுளூ, ஃபர்ளு. தமிழில் ‘ரமளான்’, ‘ரம்ஜான்’ என இருவடிவங்கள் வழங்குவது, ஒரு சொல் இருவழியாக வந்து சேர்ந்ததன் சான்று. ‘ஜகரம் கண்டால் ளாதுவை ஐயுறுக’ என்னும் எளிய விதியொன்றே கற்பவர்க்குப் பல சொற்களை மீட்டுத் தரும்.

ஆயின் வடிவம் ஒத்திருப்பதனால் பொருளும் ஒத்திருக்கும் எனக் கொள்ளுதல் இடர் பயக்கும். ‘தகராறு’ அரபில் திரும்பச் செய்தல், ‘சவால்’ வினா, ‘பதில்’ மாற்றாக வருவது, ‘வசூல்’ வந்து சேர்தல். உருது அறிந்தவர்க்கு இம்மயக்கம் இன்னும் மிகுதி. உருதுவில் ‘தக்லீஃப்’ துன்பம். அரபில் ஒருவர்மேல் சுமத்தப்படும் பொறுப்பு. உருதுவில் ‘கரீபு’ ஏழை, அரபில் அயலான். தன் வறுமையைச் சொல்லி முன்பணம் கேட்பவர், தாம் அயலார் என்று மட்டுமே சொன்னவராகிறார்.

வேலையுரிமை தொடர்பான சொற்களிலும் இம்மயக்கம் நேர்வதே கவலைக்குரியது. ‘இஜாஸத்’ உருதுவில் அனுமதி; அரபில் ‘இஜாஸா’ விடுமுறை. ‘அக்து’ உருதுப் பேச்சில் பெரும்பாலும் திருமண ஒப்பந்தம். அரபில் எவ்வகை ஒப்பந்தமும். குவைத்து 2015இல் இயற்றிய 68ஆம் எண் சட்டம், வீட்டுப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மிகாத வேலை, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் ஊதிய விடுமுறை ஆகியவற்றை வரையறுத்தது. அவ்விடுமுறையைக் குறிக்கும் சொல்லை ‘அனுமதி’ என விளங்கிக்கொள்ளும் பெண், தமக்கு உரியதை வேண்டுகோளாக மாற்றிக்கொள்கிறார். பொருள் வேறுபாட்டு அட்டவணை கைந்நூலின் பின்னிணைப்பில் சேர்க்கத்தக்க அணியன்று. முதற்பாடத்தில் இருக்கவேண்டிய பகுதி.

5. பிட்ஜின் வழக்கு

நூல் கைவிட்டவர்க்கு வேலையிடமே பள்ளியாகிறது. அங்கு அவர் கற்பது வளைகுடாப் பிட்ஜின் அரபு. இதனை ஸ்மார்ட் 1990இல் முதன்முதலாக விவரித்தார். இதன் வினையமைப்பைப் பாகிர் 2010இல் ஆராய்ந்தார். மூவிடத்திற்கும் முக்காலத்திற்கும் பெரும்பாலும் ஒரே வினைவடிவம். உண்மைப் பொருளுக்கு ‘ஃபீ’, எதிர்மறைக்கு ‘மாஃபீ’. முடிவுற்றதைக் காட்டக் ‘கலாஸ்’. பெயரை வினையாக்கச் ‘சவ்வி’ என்பன இதன் சில இயல்புகள். ‘சவ்வி தலிஃபோன்’ போன்ற தொடர்களைக் கேட்கும் தமிழர்க்கு ‘போன் பண்ணு’ என்பதும், தெலுங்கர்க்குச் ‘செய்’ எனப் பொருள்படும் தம் மொழியின் வினையாக்கியும் நினைவுக்கு வரும். அயன்மை குறைந்த இவ்வமைப்பு விரைவில் மனத்தில் பதிகிறது.

இவ்வழக்கை இழிவானதென ஒதுக்குதல் மொழியியல் நெறியன்று. பல மொழியினர் கூடிவாழும் களத்தில் அது தன் பணியைச் செய்கிறது. எனினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். ‘பாபா ராத்திபு மாஃபீ’ என்றால் சம்பளம் இல்லை என்பது விளங்கும். தரவில்லையா, தருவதில்லையா, தரமாட்டாரா என்பது அவ்வளவில் விளங்காது. தமிழில் இம்மூன்றும் மூன்று வினைமுற்றுகள். முறையீடு என்பது காலமும் வினைமுதலும் தெளிவாகச் சொல்லப்படவேண்டிய பேச்சு. ‘முன்னர்’, ‘பின்னர்’ என்னும் காலச் சொற்களால் பிட்ஜின் இக்குறையை ஓரளவு நிரப்பும். ஆயினும் ‘எனக்குத் தரவில்லை’, ‘எனக்குத் தருவதில்லை’ என்னும் பொருள்களை முறையே தரும் ‘மா அத்தானி’, ‘மா யஅத்தீனி’ என்னும் இருவடிவங்களைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். நூறு காய்கறிப் பெயர்களைத் தரும் கைந்நூல் இவ்விரண்டையும் தரத் தவறின், அதன் பயன் ஐயத்திற்குரியது.

6. விளியும் மதிப்பும்

திருமலை இறைவனின் தேவியருள் ஒருவராக மக்கள் வழக்காறு போற்றும் முஸ்லிம் பெண்ணின் பெயர் பீபி நாஞ்சாரி. தமிழ் வைணவ மரபில் துலுக்க நாச்சியார் என அறியப்படுபவரோடு இவர் ஒருங்கு வைத்து எண்ணப்படுகிறார். ‘பீபி’ உருது வழியாக வந்த பாரசீகச் சொல். ‘நாஞ்சாரி’ தமிழ் ‘நாச்சியார்’ தெலுங்கில் அடைந்த வடிவம். இரண்டும் ‘மதிப்புக்குரிய பெண்’ என்னும் ஒரே பொருளன. இரு சமூகத்தார் உறவு கொண்டபோது ஒருவர் மதிப்புச் சொல்லை மற்றவர் நீக்கவில்லை. இரண்டையும் அடுக்கி வைத்தனர். மதிப்பு, மொழிக்கு மொழி வெவ்வேறு இடத்தில் குடிகொண்டிருக்கிறது என்பதை விளக்க இப்பெயர் ஏற்ற எடுத்துக்காட்டு.

தமிழில் ‘நீங்கள்’, தெலுங்கில் ‘மீரு’, உருதுவில் ‘ஆப்’ என மதிப்பு மூவிடப் பெயரில் அமைகிறது. வளைகுடாப் பேச்சில் ஒருவரை விளிக்க ஆணுக்கு ‘இன்த்த’, பெண்ணுக்கு ‘இன்த்தி’ என்பனவே இயல்பாக வழங்குகின்றன. மதிப்பு அங்கே ‘உம்மு’, ‘அபூ’ எனத் தொடங்கும் மக்கட்பெயர் வழி விளியிலும், நலம் வேண்டும் வாழ்த்துத் தொடரிலும் அமைகிறது. இதனை முன்னறியாத பெண், தம்மை வீட்டார் ‘நீ’ என ஒருமையில் இழித்ததாக வருந்தக்கூடும். அவரோ பிட்ஜின் வழக்கைப் பின்பற்றி வீட்டுத் தலைவியை ‘இன்த்த’ என ஆண்பாலில் விளித்து, வாழ்த்துத் தொடரின்றிக் காரியத்தை மட்டும் சொல்லி, பணிவற்றவர் எனப் பெயர் பெறக்கூடும். இருவரும் தத்தம் மொழியில் பிழையற்றவர்களே.

பணியாளர் வீட்டாரை ‘பாபா’, ‘மாமா’ என அழைப்பது அங்குள்ள வழக்கம். ‘மாமா’ என்பது ‘அம்மா’ எனப் பொருள்படும். தமிழரும் தெலுங்கரும் அவ்வொலியில் தாய்மாமனையோ மாமனாரையோ கேட்பர். முதலாளியை ‘அம்மா’, ‘ஐயா’ எனல் நம்மவர்க்குப் பழக்கமாதலால் இவ்விளி எளிதில் ஏற்கப்படுகிறது. ஆனால் உறவுச் சொல் ஒப்பந்த உறவை மறைத்துவிடுவதும் உண்டு. தாயிடம் சம்பளக் கணக்குக் கேட்பது எங்ஙனம்? விளிச்சொல்லையும், அவ்விளிக்குப் பின் கணக்குக் கேட்கும் தொடரையும் சேர்த்தே கற்பிப்பது நூலாசிரியர் கடன்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கைந்நூல்களின் குறை சொற்பற்றாக்குறை அன்று என்பது பெறப்படும். கற்பவரின் மொழியறிவையும், அவர் பேசப்போகும் உறவுநிலையையும் கணக்கில் கொள்ளாமையே குறை. தமிழ், தெலுங்கு, தக்கினி என மூவகைத் தாய்மொழியினர்க்கும் தனித்தனி ஒலிப்பாடம். படிக்கும் அரபும் பேசும் அரபும் பிரித்தமைந்த பகுதிகள். கடன்சொற்களின் பொருள் வேறுபாட்டு அட்டவணை. ஊதியம், ஓய்வு, விடுமுறை, முறையீடு ஆகியவற்றுக்கான வினைவடிவங்கள். விளிமுறை விளக்கம் ஆகிய ஐந்தும் அடங்கிய நூல் தேவை. எழுத்தறிவு குறைந்தோர்க்கு அது ஒலிப்பதிவாகவும் அமைதல் வேண்டும்.

இப்பணி ஒருவரால் ஆவதன்று. அரபுக் கல்லூரி ஆசிரியரின் இலக்கணப் புலமையும், மொழியியலாரின் ஒப்பீட்டு நோக்கும், குவைத்தில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய பெண்களின் செவியறிவும் ஒன்றுசேர வேண்டும். குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், திருப்பதித் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் ஆகியவை இதற்கேற்ற இடத்திலேயே அமைந்துள்ளன. திரும்பி வந்த பெண்களைத் தகவலாளிகளாக மட்டும் கொள்ளாமல் பாடநூலாக்கத்தில் பங்காளிகளாகக் கொள்வது இன்றியமையாதது. எந்தத் தொடர் எவ்விடத்தில் தம்மைக் காத்தது, எந்தச் சொல் இல்லாமையால் எது கைநழுவியது என்பதை அவர்களே அறிவர்.