கால்டுவெல்லின் நெல்லை நூல்களும் அவற்றை வாசித்தோரும்

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றி நம் சபைகளில் எழுதப்படும் நூற்றாண்டு விழா மலர் எதை எடுத்துப் பார்த்தாலும், அதன் முதற்கட்டுரையில் பேராயர் கால்டுவெல்லின் நிழல் விழுந்திருக்கும். அவர் பெயர் சில மலர்களில் நன்றியுடன் குறிக்கப்படும், பலவற்றில் குறிக்கப்படுவதில்லை. ஊரின் பழமை, மக்களின் பழைய வழிபாடு, முதல் உபதேசியார் வந்த காலம் என எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. அவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் மதிப்பீடோ இருவகையாய்ப் பிரிந்து கிடக்கிறது. தமிழின் தனித்தன்மையை உலகுக்குக் காட்டியவர் என்று போற்றுவோர் ஒருபுறம். நம் மக்களை இழிவுபடுத்தி எழுதியவர் என்று சினப்போர் மறுபுறம். இவ்விரு சாராரிலும் அந்நூல்களைத் திறந்து வாசித்தவர் சிலரே என்பது என் அனுபவம். ஆகவே, அவருடைய நெல்லை நூல்கள் இரண்டையும், அவற்றை வாசித்தவர்கள் அவ்வக்காலத்தில் கூறிய கருத்துகளையும் ஒருங்கே வைத்து நோக்க விழைகிறேன்.

1814-இல் அயர்லாந்தில் பிறந்த இராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னை வந்து, 1841-இல் இடையன்குடியில் ஊழியத்தைத் தொடங்கினார். அங்குத் தங்கி எட்டு ஆண்டுகளே ஆன நிலையில், 1849-இல், 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சிறுநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது இலண்டனில் மறுபதிப்புப் பெற்றது. 'சாணார்' என்ற சொல் இன்று எவரும் வழங்கத்தகாதது. 1921-இல் சென்னை அரசே தன் பதிவேடுகளில் அதை நீக்கி 'நாடார்' என்று ஏற்றது. நூலின் பெயர் என்பதால் மட்டுமே அதனை ஈண்டு ஒருமுறை எழுதினேன்.

இந்நூலைக் கண்டிக்குமுன் அதில் உள்ள நலன்களைச் சொல்லிவிடுதல் முறையாகும். தேரி மணலில் நிற்கும் பனையை நம்பி வாழும் குடும்பங்களின் அன்றாடத்தை, பதநீர் இறக்குவது முதல் கருப்பட்டி காய்ச்சுவது வரை, அதற்கு முன் எவரும் அத்துணை உற்றுநோக்கி அச்சேற்றவில்லை எனலாம். கொடைவிழாவில் சாமியாடுதல், இரத்தப்பலி, மணிகள் கட்டிய பெருவில்லை அடித்துப் பாடுதல் ஆகியவற்றை அவர் கண்ணால் கண்டவாறே எழுதியுள்ளார். வில்லிசையின் வரலாற்றை ஆராய்வோருக்கு இஃது ஓர் அரிய சான்று. 1809-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ப் போரில் காயமுற்று இறந்த ஓர் ஆங்கிலப் படையதிகாரியின் ஆவிக்கு மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கிய செய்தியும் இதில் உண்டு. கால்டுவெல் இதனை ஒருவித நகைப்போடு கூறுகிறார். கொடுமையாய் மாண்டவரெல்லாம் அஞ்சத்தக்க தெய்வமாவர் என்னும் மக்களின் நம்பிக்கை வெள்ளையர் கறுப்பர் என்று வேறுபாடு பார்க்கவில்லை என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எனினும், பார்ப்பனர் சமயத்தினின்று வேறானதும் தென்னாட்டுக்கே உரியதுமான ஒரு பழஞ்சமயம் உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த ஊர்க்கோயில்களின் முற்றத்திலேதான். ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1856-இல் வந்த ஒப்பிலக்கணத்தின் வித்துகளுள் ஒன்று இங்கே கிடக்கிறது.

குறை எங்கே என்றால், கண்டதைச் சொல்லுமிடத்தில் அன்று, அளந்து முடிவுகட்டுமிடத்தில். நூலின் துணைத்தலைப்பே அம்மக்களின் சமயத்தோடு அவர்களின் ஒழுக்கநிலையையும் ஒரு சாதி என்ற வகையில் அவர்தம் இயல்புகளையும் கூறுவதாக அறிவிக்கிறது. ஒரு சமுதாயம் முழுவதற்கும் ஒரே மனம், ஒரே குணம், ஒரே அறிவளவு உண்டென்று கொண்டு, அந்த அறிவு மந்தமானது என்று எழுதிவிட்டார். வேளாளருக்குக் கீழே, தீண்டாதார் எனப்பட்டோருக்கு மேலே ஓர் இடத்தில் அவர்களை நிறுத்தினார். இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்ற கருத்தையும் முன்வைத்தார். எட்டாண்டுகள் ஒரு வட்டாரத்தில் ஊழியஞ்செய்த முப்பத்தைந்து வயதுப் போதகர் ஒருவர் இத்தனையையும் ஐயமின்றி எழுதியதற்குக் காரணம் யாது? அவர் யாருக்காக எழுதினார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். இலண்டன் பதிப்பு மிஷனுக்குக் காணிக்கை அனுப்பும் இங்கிலாந்துச் சபையாருக்கானது. மக்களின் நிலை எவ்வளவுக்குத் தாழ்ந்ததாய்த் தோன்றுகிறதோ அவ்வளவுக்கு நற்செய்தியின் வெற்றி உயர்ந்ததாய்த் தோன்றும், காணிக்கையும் பெருகும். மிஷனெரி இலக்கியம் முழுவதையும் பற்றியிருந்த நோய் இது. இந்தியாவைக் கண்ணாலும் காணாத சாரா டக்கர் அம்மையார் இங்கிலாந்திலிருந்தே 1840-களில் தென்னிந்திய மிஷன் சித்திரங்களை எழுதினார். அவர் பெயரால் பாளையங்கோட்டையில் எழுந்த கல்லூரி நம் பெண்களுக்குச் செய்த நன்மை வேறு, நூல் வேறு.

வாசிப்போராகத் தம்மால் விவரிக்கப்பட்டவர்களும் வருவார்கள் என்பதைக் கால்டுவெல் கணக்கில் கொள்ளவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது அவர் சார்ந்த மிஷன் பள்ளிகளே. ஒரு தலைமுறைக்குள் அந்நூல் இடையன்குடிக்கும் நாசரேத்துக்கும் திரும்பிவந்தது. அதனை முதலில் எதிர்த்தவர்கள் சபைக்குப் புறம்பானவர்களல்லர். மிஷனால் வளர்க்கப்பட்ட கிறிஸ்தவர்களே. மிஷனெரிமாரோடு மனமுறிவு கொண்டு 1857-இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தனியே நிறுவிய சட்டம்பிள்ளை அவர்களுள் முன்னோடி. அவருடைய பிரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் தம் மக்கள் அந்நூலில் வரையப்பட்ட விதம் அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிருந்தது. 1883-இல் சாமுவேல் சற்குணர் என்பவர் பேராயர் கால்டுவெல்லுக்கு நேரடி மறுப்பாகவே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். விண்ணப்பங்களும் துண்டு நூல்களும் தொடர்ந்தன. இறுதியில் 1849-ஆம் ஆண்டு நூலைப் புழக்கத்தினின்று விலக்கிக்கொள்ளும்படி நேர்ந்தது.

இம்மறுப்புரைகளைப் பற்றி நம் வரலாற்றாசிரியர் சிலர் சாதிப்பெருமையின் வெளிப்பாடு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். அது நீதியன்று. ஒரு நூலை வாசித்து, அதன் சான்றுகளை வினவி, 'இம்முடிவுக்கு ஆதாரம் யாது?' என்று அச்சில் கேட்ட அவர்கள் தமிழ்க் கிறிஸ்தவத் திறனாய்வின் தொடக்கத்தில் நிற்பவர்கள். இலங்கைக் குடியேற்றம் என்ற கருத்தை அவர்கள் மறுத்த இடங்களில் நியாயம் உண்டு. பெயரொற்றுமையையும் செவிவழிச் செய்தியையும் கொண்டு ஒரு மக்களின் பிறப்பிடத்தை முடிவுசெய்யலாகாது. அதைக் காட்டிலும் ஆழமான மனக்குறை ஒன்று அவர்களுக்கிருந்தது: தங்களோடு ஒரே பந்தியில் அப்பமும் இரசமும் பெறும் போதகர், தங்கள் முதுகுக்குப் பின்னே, தங்களுக்குத் தெரியாத வாசகருக்குத் தங்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்பது. இந்த வினாவுக்கு அன்றைய சபை விடை சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் இடமும் சபையில் அமைக்கப்படவில்லை.

ஆயினும் அம்மறுப்புரைகளை முழுமனத்தோடு பாராட்டவும் என்னால் இயலவில்லை. அவற்றின் வாதம் பெரும்பாலும் இவ்வாறு செல்கிறது: எங்கள் பெயர் 'சான்றோர்' என்பதன் திரிபு, நாங்கள் பாண்டிய அரசமரபினர், ஆகவே சத்திரியர், எங்களைத் தாழ்ந்தோரோடு வைத்து எண்ணியது தவறு. கால்டுவெல் ஓர் ஏணியை எடுத்து அவர்களைக் கீழ்ப்படியில் நிறுத்தினார். அவர்கள் அதே ஏணியில் மேற்படியைக் கேட்டனர். ஏணி எதற்கு என்று இருசாராரும் கேட்கவில்லை. பண்டைக் குலமரபு கூறாமல், 'கிறிஸ்துவின் சரீரத்தில் எங்களை எந்தப் படியில் வைத்து எழுத உமக்கு என்ன அதிகாரம்?' என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த மறுப்பு இன்றளவும் நம்மைச் சுடும். அன்றைய சமூகச் சூழலில் அப்படிக் கேட்பது எளிதன்று என்பதை மறுக்கவில்லை. கோயில் நுழைவுக்காகக் கமுதியில் தொடங்கிய வழக்கு 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்றதையும், 1899-இல் சிவகாசியில் சிந்திய இரத்தத்தையும் எண்ணினால், குலமரபு என்பது அவர்களுக்கு வெறும் பெருமையன்று, உயிர்ப்பிரச்சினை என்பது விளங்கும். ஆனால் அதே சபைகளின் பின்வரிசையில் அமர்ந்திருந்த தலித் கிறிஸ்தவர்களைப் பற்றியும் கால்டுவெல் எழுதினார். ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பு ஒன்றில் பறையர் திராவிடரா என்பதே கேள்வியாக ஆராயப்பட்டது. அதற்கு அக்காலத்தில் மறுப்புநூல் எழுந்ததாக நான் அறியேன். 1913-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பிலோ அப்பகுதி நீக்கப்பட்டு, வாசகர் கண்ணிலேயே படாமற் போயிற்று.

இனி 1881-ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் பொது வரலாறு, தொன்மைக்காலம் முதல் 1801-இல் ஆங்கிலேயர் வசமானது வரை என்பது அதன் பொருள். அவ்வாண்டிலேயே நெல்லை மிஷனின் தொடக்க வரலாற்றையும் ஆவணங்களோடு தனி நூலாக்கினார். இப்போது எழுதுபவர் முப்பது ஆண்டுகள் மூத்த கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் தாமே சென்று மண்ணைத் தோண்டிப் பார்த்தவர். மார்க்கோ போலோ கூறிய 'காயில்' துறைமுகம் பழையகாயலே என்று நிலைநாட்டியவர். சவேரியார் 1540-களில் முத்துக்குளித்துறையிலிருந்து எழுதிய கடிதங்கள், போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் குறிப்புகள், கல்வெட்டுகள், கும்பினி அரசின் ஆவணங்கள் என்று சான்றுகளை நிறுத்துப் பார்க்கிறார். சான்று போதாத இடத்தில் போதாது என்கிறார். பாளையக்காரர் போர்களை ஆங்கிலேயர் பக்கம் நின்றே சொல்கிறார் என்பது உண்மை. கட்டபொம்மன் அவருக்கு அடக்கப்படவேண்டிய கலகக்காரர். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் படைத்தலைவர் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதிய பகுதியை அவர் மறைக்கவில்லை. எதிரியின் வாயால் வந்த அப்புகழுரை பிற்காலத்து எழுத்தாளர் பலருக்குக் கைவிளக்காயிற்று.

'அவர் காலத்து அளவுகோல் கொண்டே அவரை அளக்க வேண்டும்' என்று 1849-ஆம் ஆண்டு நூலுக்காக வாதிடுவோருக்கு என் மறுமொழி இந்த 1881-ஆம் ஆண்டு நூலே. சான்று என்றால் என்ன என்பதை அவர் அறிவார். கொற்கைத் தாழிகளுக்குக் காட்டிய பொறுமையைத் தம் சபையாருக்குக் காட்டவில்லை என்பதே குற்றச்சாட்டு. இரண்டாம் நூலிலும் ஒரு வெற்றிடம் உண்டு: பாண்டியரும் நாயக்கரும் நவாபும் கும்பினியும் நிறைந்த அப்பக்கங்களில் பனங்காட்டு மக்கள் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். முதல் நூலில் அவர்களுக்கு வரலாறு இல்லை, குணம் மட்டுமே உண்டு. இரண்டாம் நூலில் வரலாறு உண்டு, அவர்கள் இல்லை. மிஷன் வரலாற்று நூல் இவ்விரண்டிலும் மேலானது. 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனும், 1799-இல் முதலூர் தோன்றக் காரணமான தாவீது சுந்தரானந்தமும் அங்கே பெயரோடும் முகத்தோடும் நடமாடுகின்றனர். நம் மாணவர் முதலில் வாசிக்க வேண்டியது இதையே என்பேன்.

விலக்கப்பட்ட நூல் அழிந்துவிடுவதில்லை. 1909-இல் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டபோது கால்டுவெல்லின் பழைய வரிகளை எடுத்துப் பெய்துகொண்டார். அரசாங்க முத்திரையுடன் அவை மீண்டும் உலவின. ஆசிரியரே விலக்கிய கருத்துகள் என்ற செய்தி அவற்றோடு உலவவில்லை. மறுபுறம், ஒப்பிலக்கணத்தை மட்டும் வாசித்த, அல்லது வாசித்தவர் சொல்லக் கேட்ட தமிழகம் 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தது. அங்கே நிற்பவரும் 1849-இல் எழுதியவரும் ஒருவரே என்பதை மேடைப்பேச்சாளர் நினைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பனங்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவர் சபை வரலாற்றுக் கட்டுரைக்காக அச்சிறுநூலை வாசித்தார். அவர் பாட்டனார் பனையேறியவர். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "ஐயா, தொழிலைப் பற்றி எழுதியதெல்லாம் தாத்தா சொன்னபடியே இருக்கிறது, தாத்தாவைப் பற்றி எழுதியதுதான் இல்லை" என்றார். அந்த மாணவரிடம் சற்குணரின் மறுப்பையும் அதனோடு சேர்த்து வாசிக்கச் சொன்னேன். அதை வாசித்தபின் அவர் எழுதிக்கொடுத்த கட்டுரை ஒரு கேள்வியில் போய் நின்றது: தம் ஊரின் கீழத்தெருவார் அவ்விரு நூல்களையும் வாசித்தால் யாருக்கு மறுப்பு எழுதுவார்கள்? வரும் ஆண்டில் அவர் தம் சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரைத் தொகுக்கப்போகிறார். கீழத்தெருவில் இருவரைக் கட்டுரை எழுதக் கேட்டிருக்கிறாராம்.