வீரனுக்கு அரக்கன் எதற்கு?

குத்துச்சண்டைப் படமென்றால் குத்துகளை எண்ணுவதோ நம் வேலை? அன்று! மனிதன் ஏன் வீழ்ந்தான், எதனால் எழுந்தான் என்று கேட்பதே நம் வேலை.

2005-இல் ரான் ஹோவார்ட் இயக்கிய ‘சிண்டரெல்லா மேன்’, ஜேம்ஸ் பிராடக்கின் உண்மைக் கதை. 1929-க்குப் பின் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். கை முறிந்த வீரன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். சர்க்கார் உதவிப் பணம் பெறுகிறான். குத்துச்சண்டை முதலாளிகள் முன் தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்கிறான். ரஸ்ஸல் குரோவின் கண்களே அங்கு வசனம்! முறிந்தது வலக்கை, உழைத்தது இடக்கை. உழைத்த கை உரம் பெற்றது. கோதாவில் அதுவே கைகொடுத்தது. படத்தின் பெயரோ தேவதைக் கதை. வெற்றி தந்ததோ உழைப்பு! இதுவரை படம் வெல்கிறது.

சறுக்கல் எங்கே? 1935 ஜூன் 13 அன்று 15 சுற்றுகள் மோதித் தோற்ற மாக்ஸ் பேரிடம்! திரையில் அவர், எதிராளிகளின் சாவைப் பெருமையாகப் பேசும் கொடியவன். உண்மையில், 1930-இல் தம்மோடு மோதிய பிராங்கி கேம்பெல் மாண்டதை எண்ணி வெதும்பியவர். 1933-இல் தாவீதின் விண்மீனைக் கால்சட்டையில் பொறித்து, ஜெர்மானியர் ஷ்மெலிங்கை வென்றவர்.

எதிரியை அரக்கனாக்கி வீரனை உயர்த்துவது புராணிகர் வேலை. வறுமையே பகையாய் நின்ற கதைக்கு வேறு அரக்கன் எதற்கு? வெதும்பிய மனிதனையும் காட்டியிருந்தால் நாடகம் உயர்ந்திருக்குமே!

தோழர்களே, படத்தைப் பாருங்கள், பாராட்டுங்கள். ஆனால் ‘உண்மைக் கதை’ என்பாரிடம், தோற்றவனுக்கும் உண்மை உண்டா என்று கேளுங்கள்!