அடிமைச் சிறுவனும் அரிஸ்டாட்டிலும்

அரபுப் பேரறிஞர்கள் 'முதல் ஆசான்' என்று போற்றிய அரஸ்து என்னும் அரிஸ்டாட்டிலிடம் (கி.மு. 384-322) நாம் குறை காணப் புகுவது துணிவே. அவருடைய 'நிக்கோமாக்கிய அறநூல்' இன்றும் நம்மைத் தலைவணங்கச் செய்கிறது. கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாராகிறான். மீட்டி மீட்டியே யாழில் வல்லவனாகிறான். அவ்வாறே நீதியானவற்றைச் செய்து செய்தே நீதிமானாகிறான் என்கிறார் அவர். அறம் பிறவியோடு ஒட்டி வருவதன்று, பழக்கத்தால் படிவது என்பது எத்துணை நம்பிக்கையூட்டும் கருத்து!

அதே மகிழ்ச்சியோடு அவருடைய 'அரசியல்' நூலைத் திறந்தால் முதற் பகுதியிலேயே முள் தைக்கிறது. சிலர் இயற்கையிலேயே அடிமைகளாம். ஆராய்ந்து முடிவு காணும் ஆற்றல் அவர்களுக்கு அறவே இல்லையாம். பழக்கமே மனிதனை ஆக்குகிறது என்றவர், ஒரு சாராருக்கு மட்டும் பிறப்பிலேயே கதவை அடைத்துவிடுகிறார்.

இது காலத்தின் குற்றம் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, வலிமையால் நிற்பது என்று கூறியோர் அன்றே இருந்தனர்; அவர்கள் கூற்றை அந்நூலிலேயே அவர் எடுத்துரைக்கிறார்.

அவருடைய ஆசான் பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலையும் காண்போம். சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, பக்கம் 2 அடியுள்ள சதுரத்தை வரைந்து, அதன் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். பக்கத்தை 4 அடியாக்கலாம் என்கிறான் சிறுவன். பரப்பு 8 ஆவதற்கு மாறாக 16 ஆகிறது. 3 அடி என்கிறான், 9 வருகிறது. திகைத்து நிற்கிறான். மேலும் கேள்விகள் தொடர, மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரமே விடையென்று கண்டுகொள்கிறான். கற்றல் என்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்தல் என்று நிறுவவே பிளேட்டோ இக்காட்சியை அமைத்தார். அக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் தவறி, தவறென உணர்ந்து, திருத்திக்கொண்ட அச்சிறுவனுக்கு ஆராயும் ஆற்றல் இல்லையென்று எப்படிச் சொல்வது? (அவனுக்கு ஒரு பெயர்கூடச் சூட்டாமல் விட்டார் பிளேட்டோ என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அரிஸ்டாட்டில் இவ்வுரையாடலை அறியாதவரல்லர், தம் தருக்க நூலில் பெயர் சுட்டியே பேசுகிறார்.

ஏட்டோடு போயிருந்தால் கவலையில்லை. 1550-ல் ஸ்பெயினின் வய்யாதோலித் நகரில், அமெரிக்கப் பழங்குடியினரை அடக்கியாள்வது முறையே என்று செபுல்வேதா வாதாடியபோது கையிலெடுத்தது இந்த வாதத்தைத்தான். பாதிரியார் லாஸ் காசாஸ் எதிர்த்து நின்றார்.

குர்துபா தந்த இப்னு ருஷ்து (1126-1198) வேறு வகையாகப் படித்தார். 'அரசியல்' நூல் கைக்கு எட்டாமையால் பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு உரை வரைந்தார். தம் கால நகரங்களில் பெண்களின் ஆற்றல் அறியப்படாமலே போகிறது, பிள்ளைப்பேற்றுக்கும் வளர்ப்புக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்டு அவர்கள் செடிகொடிகளைப் போலாகிவிட்டனர், நகரங்களின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று அதில் எழுதினார். இயலாமை இயற்கையன்று, பழக்கம் விளைவித்தது என்பதே இதன் பொருள். அறநூல் ஆசிரியரின் கருத்தை அவரைவிட நேர்மையாகப் பின்பற்றியவர் இவரென்றே நாம் கருதுகிறோம்.

அரிஸ்டாட்டிலின் உயிலென ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. தமக்குப் பணிசெய்த சிறுவரை விற்கலாகாது, உரிய வயதில் தகுதியுடையோரை விடுதலை செய்க என்கிறது அது. 'அரசியல்' நூலின் ஏழாம் பகுதியிலும், அடிமைகளுக்கு விடுதலையைப் பரிசாகக் காட்டுவது நன்று, காரணத்தைப் பின்னர் சொல்வோம் என்கிறார். நூல் முடியும் வரை தேடிப் பார்த்தோம். அக்காரணத்தை அவர் சொல்லவேயில்லை.