ஆற்றுப்படையும் திரைப்படமும்: ஓய்மா நாட்டு நிலம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. வினா

நிலமும் நீரும் கெடாமற் காத்தற்கு மக்கள் நெஞ்சில் உணர்வு தோன்றல் வேண்டும் என்பதும், அவ்வுணர்வை நாடு கடந்து பரப்பும் ஆற்றல் திரைப்படத்திற்கு உண்டு என்பதும் இன்று பலரும் உடன்படும் கருத்துகள். பலரும் உடன்பட்டுவிட்ட கருத்து ஆராயப்படாமற் போதல் உண்டு. ஒரு நிலத்தின் துன்பம் அந்நிலத்தைக் கண்டறியாதார் நெஞ்சில் எவ்வாறு பதிகின்றது என்னும் வினா இன்னும் நிறைவாக விடுக்கப்படவில்லை. அதனை இலக்கிய நெறியால் அணுகுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. ஊர்ப்பெயர், உணவு, வழக்கு முதலிய சிறப்புக் கூறுகளைக் குறைத்து, மனித இனம் முழுமைக்கும் பொதுவானவற்றைக் காட்டினால் எந்நாட்டாரும் உணர்வர் என்பது அது. யாம் இதனை உடன்படுகின்றிலோம். தன் நிலத்தில் ஆழ வேரூன்றிய படைப்பே பிற நிலத்தாரைச் சென்று சேரும் என்பது எம் துணிபு. இதற்குச் சான்றாகும் பழைய நூல் ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சூழ்ந்த நிலப்பகுதியைப் பாடிய சிறுபாணாற்றுப்படையே அந்நூல்.

2. வழி காட்டும் நூல்

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது, பத்துப்பாட்டுள் மூன்றாவது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் அதன் பாட்டுடைத் தலைவன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பாணன் கடந்து செல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் அறிஞர் கருதுவர். பின்னர் ஆமூர், அதன்பின் கிடங்கில். கடற்கரையினின்று உள்நாடு நோக்கிச் செல்லும் இவ்வழியில் நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாறிக்கொண்டே வருகின்றது.

அம்மாற்றத்தைப் புலவர் உணர்த்தும் முறை உற்று நோக்கத்தக்கது. இது நெய்தல், இது மருதம் என்று அவர் விளம்பி அமையவில்லை. எயிற்பட்டினத்தில் பரதவர் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தேறலொடு தருவர். வேலூரில் எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சோற்றை ஆமான் சூட்டிறைச்சியொடு தருவர். ஆமூரில் உழவர் மகளிர் கைக்குத்தல் அரிசிச் சோற்றை நண்டுக் கலவையொடு தருவர். நிலம் மாறிற்று என்பதைப் பாணன் கலத்தில் விழும் சோறே உணர்த்துகின்றது. கடல் வளம், காட்டு வளம், வயல் வளம் ஆகிய மூன்றும் கையிலும் நாவிலும் உணரப்படுகின்றன. ஓய்மா நாட்டைக் கண்டறியாத நாமும், பல நூற்றாண்டு கழிந்த பின்னர், அதன் நிலவேறுபாட்டை அறிகின்றோம். சிறப்புக் கூறுகள் நமக்குத் தடையாகவில்லை, அவையே வாயிலாயின.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்த முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியன அங்கே ஒரே நிரலில் நிற்கின்றன. மனிதன் ஒருபுறம், இயற்கை மறுபுறம் என்னும் பிரிவு அவ்வரிசையில் இல்லை. உழவனின் தொழிலும் கொக்கின் வாழ்வும் ஒரு நிலத்தின் இரு கூறுகளே. திணைக் கோட்பாட்டைச் சூழலியல் திறனாய்வின் அடிப்படையாகக் கொண்டு நிர்மல் செல்வமணி முதலியோர் ஆய்ந்துள்ளனர். அந்நெறியைத் திரைப்படத்திற்கும் பொருத்திக் காணலாம் என்பது எம் கருத்து.

3. மூன்று அளவைகள்

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவன், பெறாதவனை வழிப்படுத்துவது. இவ்வமைப்பினின்று மூன்று அளவைகளைப் பெறலாம். முதலாவது, வழி காட்டுபவன் அவ்வழியே சென்று மீண்டவனாதல் வேண்டும். அறியாததைக் கூறுபவன் கேட்பவனை அலைக்கழிப்பான். இரண்டாவது, வழி அதன் முதலும் கருவும் புலப்படக் கூறப்படல் வேண்டும். மூன்றாவது, கேட்டவன் எழுந்து நடத்தல் வேண்டும். கேட்டு மகிழ்ந்து இருந்த இடத்திலேயே இருப்பானாயின் ஆற்றுப்படை பயனற்றதாம்.

மூன்றாம் அளவையிலேதான் திரைப்படத்திற்கு இடர்ப்பாடு மிகுதி. பாட்டைக் கேட்ட பாணன் கிடங்கிலைக் கண்டவன் அல்லன். காண்டற்கு நடந்தே ஆதல் வேண்டும். படம் பார்ப்பவனோ காட்டையும் கடலையும் கண்ணாற் கண்டுவிடுகின்றான். சென்று வந்த நிறைவு இருக்கையிலேயே கிடைத்துவிடுகின்றது. காட்சியின் நிறைவே செயலுக்குப் பகையாதல் கூடும் என்பதைச் சூழலியற் படங்களைப் போற்றுவோர் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

4. படங்களின் நிலை

இவ்வளவைகளைக் கொண்டு தமிழ் நிலம் பற்றிய சில படங்களை நோக்குவாம்.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிக் கே. பாலசந்தர் 1981-இல் இயக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ நீரில்லாத அத்திப்பட்டி என்னும் சிற்றூரின் கதை. ஊரார் தாமே கால்வாய் வெட்ட முற்படுகின்றனர். ஆட்சி அதனைத் தடுக்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாதல் பற்றிய சிலப்பதிகாரக் கருத்தை இப்படத்தொடு பொருத்திக் காணலாம். ஞாயிற்றின் வெம்மை மட்டும் பாலையைப் படைப்பதில்லை. ஆளும் முறையின் திரிபும் படைக்கும் என்பது இப்படம் உணர்த்தும் உண்மை. அத்திப்பட்டியைக் கண்டறியாதாரும் குடமும் வண்டியும் வறண்ட மண்ணும் கொண்டு அதனை அறிவர்.

இதற்கு மறுதலையாக நிற்பது சங்கரின் ‘2.0’. 2018-இல் வெளிவந்து பல மொழிகளிற் பரவி, 2019-இல் சீன நாட்டிலும் திரையிடப்பட்ட இப்படம் நாடு கடந்த பரப்பில் ஏனையவற்றை விஞ்சும். பறவைகளின் அழிவிற்குக் கைப்பேசிக் கோபுரக் கதிரியக்கமே காரணம் என்பது இதன் கரு. அறிவியலார் அக்காரணத்தை நிறுவவில்லை. கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டதும் உண்டு. முறையிட்டோர் தம் வணிக நலன் கருதினர் எனினும், படத்தின் குறை அதனால் நீங்காது. சிட்டுக்குருவிக்கு ஓட்டு வீட்டின் இறப்பு, முற்றத்தில் உதிரும் தவசம், குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி ஆகியன வேண்டும். இவையே அதன் கருப்பொருட் சூழல். இவற்றுள் ஒன்றும் அப்படத்தின் உணர்வுக்கு அடிப்படையாகவில்லை. நிலத்தினின்று பிரிக்கப்பட்ட பறவை பேயுருவாகிப் பழிவாங்கப் புறப்படுகின்றது. அதற்கு ஒரு பகைவன் கிடைத்தான். நமக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

முதல் அளவையாகிய உண்மை நோக்கின், 2006-இல் வெளிவந்த ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ என்னும் அமெரிக்கப் படத்தையும் ஈண்டு ஒப்பிடலாம். அதனைப் பள்ளிகளிற் காட்டுதல் பற்றிய வழக்கில், இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2007-இல் அதன் மையக் கருத்து அறிவியலொடு பெரிதும் இயைவதென்றே கொண்டது. எனினும் ஒன்பது இடங்களைக் குறையாகச் சுட்டி, ஆசிரியர்க்கான விளக்கக் குறிப்பொடு காட்டுமாறு கூறிற்று. மையம் மெய்யாக இருந்தும் விளிம்பிற் சில சொற்கள் மிகையாயினமையால் அப்படம் வழக்காட நேர்ந்தது. மையமே ஐயத்திற்குரியதாயின் நிலை என்னாகும் என்பது வெளிப்படை.

கார்த்திகி கொன்சால்வசின் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில், தாயற்ற கன்றுகளை வளர்க்கும் காட்டுநாயக்கர் இணையரைக் காட்டுவது. 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. உணவும் தெய்வமும் தொழிலும் விலங்கும் ஒரே நிரலில் நிற்றல் என்னும் கருப்பொருள் நெறி இதன்கண் இனிது அமைந்துள்ளது. உலகோர் உள்ளத்தை இது கவர்ந்தமைக்கு அதுவே காரணம் எனலாம். ஆயினும் கன்றுகள் தாயை இழத்தற்குரிய காரணம் விரைவிற் கடந்து செல்லப்படுகின்றது. காண்போர் கன்றின்மீது அன்பு கொள்கின்றனர்; காட்டின்மீது கொள்ளவேண்டிய கவலை அவ்வன்பில் மறைந்துவிடுகின்றது. இரண்டு அளவைகளில் வென்ற படம் மூன்றாவதிற் சிறிது தளர்கின்றது.

மூன்றிலும் ஓங்கி நிற்பது 2022-இல் வெளிவந்த மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. முதன்மைப் பாத்திரத்தில் நடித்த நல்லாண்டி உண்மையில் ஒரு முதிய உழவர். படம் வெளிவருமுன் மறைந்தார். குலதெய்வ வழிபாட்டிற்குப் புதுநெல் வேண்டியிருக்க, நெல் விளைவிப்பார் ஊரில் அவர் ஒருவரே எஞ்சியுள்ளார். இறந்து கிடந்த மயில்களை அவர் புதைக்கின்றார். அவற்றைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு எழுகின்றது. உயிரினத்தைக் காக்கும் சட்டமே, உயிரினத்தொடு வாழ்ந்த உழவனைச் சிறைப்படுத்தும் முரண் இது. நீதியின் முன் நிற்கும் முதியவரின் கவலையெல்லாம் நீரின்றி வாடும் நாற்றைப் பற்றியது. படம் முடிந்த பின்னரும் காண்போர் நெஞ்சில் அந்நாற்றுக்கு நீர் விட்டாரா என்னும் வினா நிற்கின்றது. நிறைவு தராது எழுப்பி விடும் காட்சி இதுவே. ஆற்றுப்படையின் பயனும் இதுவே.

5. மீண்டும் ஓய்மா நாடு

சிறுபாணன் நடந்த நிலத்திற்கே இனி மீள்வாம். 1968-இல் இப்பகுதியில் ஆரோவில் நிறுவப்பட்டது. 124 நாடுகளின் மண் அதன் தொடக்க விழாவிற் கலத்தில் இடப்பட்டது. அன்று அவ்விடம் மழைநீர் அரித்தோடிய செம்மண் வெளி. வரப்பிட்டு நீரை நிறுத்தி, மரம் நட்டுக் காடாக்கிய வரலாற்றைக் கிறிஸ்தோப் போல் 2020-இல் ‘எவர் ஸ்லோ கிரீன்’ என்னும் ஆவணப்படமாக்கினார். காடு வளர்த்தோரே தம் வரலாற்றைக் கூறுதலின் முதல் அளவை நிறைவுறுகின்றது. பல நாட்டினர் ஒரு நிலத்திற்கு உழைத்த செய்தி பல நாட்டினரைச் சென்றடைதல் இயல்பே.

எனினும் அப்படம் கூறுவது ஐம்பதாண்டு வரலாறு. இந்நிலத்திற்குரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அதற்கு முன்னரே கோயிற்காடுகளில் நின்றது. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அவற்றுள் ஒன்று. அதனைக் காத்தது தெய்வத்தின்மீது கொண்ட அச்சமும் அன்பும். தெய்வத்தையும் மரத்தையும் கருப்பொருளாக அடுத்தடுத்து எண்ணிய மரபு அக்காட்டில் இன்றும் வாழ்கின்றது. நட்ட காட்டையும் காத்த காட்டையும் ஒருங்கு வைத்துக் காட்டும் படமே இந்நிலத்தின் முழு ஆற்றுப்படையாகும்.

காட்டைப் போன்றே நீரும் நோக்கத்தக்கது. ஏரிப் பாசனத்தால் வாழும் இப்பகுதியின் மிகுநீர் மரக்காணத்தை அடுத்த கழுவேலியை அடைந்து, கடல்நீரொடு கலக்கின்றது. உப்பங்கழியும் நன்னீரும் கூடும் அவ்விடத்திற்கு நாடு பல கடந்து பறவைகள் வருகின்றன. ஏறத்தாழ 5,151 எக்டேர் பரப்புள்ள கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் எழுந்த உடன்படிக்கையின் பட்டியலில் 2024 ஆகஸ்டில் இடம் பெற்றது. ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் அதற்கு இடராகத் தொடர்ந்து வந்துள்ளன. உலகம் இதன் பெயரை ஏட்டில் ஏற்றிவிட்டது. பட்டியலைப் படித்துப் பூநாரையைக் காப்பார் எவரும் இலர். ஏரியின் வரத்துக்கால் தூர்ந்தால் கழுவேலி என்னாகும் என்பதை ஓமந்தூரிலும் கிளியனூரிலும் வாழ்வோர் உணர்தல் வேண்டும்; அதனை உணர்த்தும் படம் அவர் மொழியில், அவர் ஊர்ப்பெயரொடு, அவர் உண்ணும் சோற்றைக் காட்டி எழுதல் வேண்டும்.

6. ஒரு தடையும் விடையும்

ஆற்றுப்படை வள்ளலைப் புகழ்ந்து பரிசில் பெறும் நூலன்றோ, அதனை அளவையாகக் கொள்ளல் பொருந்துமோ எனின், தடை தக்கதே. திரைப்படத்திற்கும் பொருள் ஈவார் உளர். அவர் விருப்பம் படத்திற் புகுதலும் உண்டு. ஆயினும் நல்லியக்கோடனின் கொடைப்புகழ் வரலாற்றுச் செய்தியாகிவிட, பரதவர் தந்த சுட்ட மீனும் உழவர் தந்த சோறும் இன்றும் நிலத்தை நமக்கு அறிவிக்கின்றன. புரவலரைப் புகழும் பகுதி காலத்திற்கு உரியது. நிலத்தைக் கண்டு கூறும் பகுதி காலத்தைக் கடப்பது. படமெடுப்போர் எப்பகுதிக்குத் தம் உழைப்பை மிகுதியாக அளித்தனர் என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பரப்பின் மிகுதி உணர்வின் ஆழம் ஆகாது என்பதும், முதலும் கருவும் தெளிவுறக் காட்டிய படைப்பே பிற நிலத்தார்க்கும் உரியதாகும் என்பதும், காண்போரை நிறைவுறச் செய்து இருத்தாமல் எழுப்பி நடத்துவதே அதன் பயன் என்பதும் பெறப்பட்டன. சூழலியற் படங்களை விருது எண்ணிக்கையாலும் திரையிடப்பட்ட நாடுகளின் தொகையாலும் மதிப்பிடும் வழக்கம் இதனால் மாறுதல் வேண்டும்.

முதுகலை மாணாக்கர் இத்தகைய படங்களைத் திணை நோக்கில் வகைப்படுத்தி ஆய்வாராயின் தமிழாய்வு புதிய களம் பெறும். அவ்வாய்வின் முதல் வேலை நூலகத்தில் அன்று. மரக்காணத்தினின்று திண்டிவனம் வரை சிறுபாணன் நடந்த வழியை ஒருமுறை நடந்து, இன்று அங்கே எந்நிலத்தில் எவ்வுணவு கிடைக்கின்றது, எது கிடைக்காமற் போயிற்று என்று குறித்துக் கொள்ளுதலேயாம். அக்குறிப்பைக் கையிற் கொண்டவர்க்கே இந்நிலத்தைப் பற்றிய படத்தின் மெய்யும் பொய்யும் விளங்கும்.