எபிமீதியஸ்: ஓர் உவமையின் கோளாறு

சனியின் குட்டி நிலவு எபிமீதியஸ் பற்றி எழுதுகிறவர்கள், அது நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஜானஸோடு "இடம் மாற்றிக்கொள்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கிற மாதிரி! சுவையான விஷயமே அங்கே காணாமல் போகிறது. பாதைகளுக்கு இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். நிலவுகளோ அதைவிடப் பெரியவை. அப்போ மோதணுமே?

உள்பாதையில் வேகமாக வருகிற நிலவை முன்னால் போவது இழுக்கிறது. அதில் ஆற்றல் கூடி, வெளிப்பாதைக்கு ஏறி, மெதுவாகிவிடுகிறது. முன்னே இழுத்தால் மெதுவாகுமா என்பீர்கள். ஆமாம், சுற்றுப்பாதையில் கணக்கு அப்படித்தான். முன்னால் போனது ஆற்றலை இழந்து உள்ளே இறங்கி வேகம் பிடிக்கிறது. 10,000 கிலோமீட்டருக்குள் இரண்டும் நெருங்குவதே இல்லை.

பரிமாற்றம் சமமும் இல்லைங்க. நிறை கூடிய ஜானஸ் சுமார் 20 கிலோமீட்டர்தான் நகர்கிறது, எபிமீதியஸ் 80.