மூடுபனியில் மரங்கள்: வண்ணம் நீக்கிய ஒளிப்படங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

டெல்லியில் பணிபுரியும் நண்பரின் மகன் ஒருவர் சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது இரண்டு படங்களை என்முன் வைத்தார். உண்மையில் அவை இரண்டல்ல, ஒன்றே. லோதி தோட்டத்தில் நவம்பர் மாத விடியற்காலையில் எடுத்தது. முன்னே ஒரு மரத்தின் கருத்த அடிப்பகுதி. அதன்பின் மங்கிய மரங்கள் சில. எல்லாவற்றிற்கும் பின்னே சுல்தான்களின் கல்லறை மண்டபம் ஒன்றின் குவிமாடம், இருப்பதும் இல்லாததுமாய். ஒரு பிரதி வண்ணத்தில் இருந்தது. மற்றது கணினியில் வண்ணம் நீக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையாக்கப்பட்டது. “கண்காட்சிக்கு எதை அனுப்பலாம், மாமா?” என்று கேட்டார். கறுப்பு வெள்ளைதான் அழகு என்று வாய் சொல்லிவிட்டது. மனம் ஏனோ உடன்படவில்லை. அந்த உடன்பாடின்மையின் காரணத்தைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

மூடுபனி என்பது யாது? காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளே அது. அதனால் 1000 மீட்டருக்கு அப்பாலுள்ளவை புலப்படாதபோது வானிலையாளர் அதனை மூடுபனி என்பர். இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை ஆதலின், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வேறுபாடின்றி எல்லா ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. ஆகவேதான் பனி வெண்மையாகத் தோன்றுகிறது. மேலும், அது பொருளின் ஒளி வேறுபாட்டைத் தூரத்திற்கு ஏற்ப ஒரே விகிதத்தில் உண்டுகொண்டே செல்கிறது. முதல் இருபதடியில் பாதி மறைந்தால், அடுத்த இருபதடியில் எஞ்சியதில் பாதி மறையும். கோஷ்மீடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1924இல் இதனைக் கணிதமாக வகுத்தளித்தார். காட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மரங்கள் படிப்படியாக வெளிறி மறைவதன் இரகசியம் இதுவே. எனவே, மூடுபனியில் மரத்தைப் படம் பிடிப்பவர் கணினியைத் தொடுவதற்கு முன்பே இயற்கை வண்ணத்தைப் பெரும்பாலும் நீக்கித் தந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையாக்கம் என்பது அங்கே இயற்கை தொடங்கிய வேலையை முடித்துவைப்பதேயாகும்.

காமிராவுக்கு இது விளங்குவதில்லை. எதிரேயுள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் என்று கொண்டு ஒளியை அளக்கும் இயல்பினது அது. வெண்பனியைக் கண்டால் ஒளி மிகுந்துவிட்டது என்றெண்ணிப் படத்தை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். தேர்ந்தவர்கள் ஒரு ஸ்டாப் அளவுக்கு ஒளியைக் கூட்டுவர். பனிப் படங்களுள் பாதி இந்தச் சிறு அறிவின்மையாலேயே கெடுகின்றன என்பது என் அனுபவம்.

பார்வை பற்றிய இவ்வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னு அல் ஹைதம், ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாக நூலில், ஒரு பொருள் சரியாகப் புலப்பட வேண்டிய நிபந்தனைகளை எண்ணிச் சொல்கிறார். தூரம், நேர்முகம், ஒளி, பருமன் முதலியவற்றோடு, இடையிலுள்ள காற்றின் தெளிவையும் அவர் சேர்க்கிறார். தூரத்தை நாம் நேரடியாகக் காண்பதில்லை. நமக்கும் பொருளுக்கும் இடையே தொடர்ந்து கிடக்கும் நிலத்தையும் பொருள்களையும் கொண்டே உய்த்துணர்கிறோம் என்பது அவர் கொள்கை. சமவெளியில் மேகம் எட்டாத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்; அதே மேகம் மலைகளுக்கிடையே புகுந்து சிகரத்தை மறைக்கும்போதுதான் அது எவ்வளவு அருகில் இருந்தது என்பது தெரியவரும் என்று அவர் எடுத்துக்காட்டுவார். மூடுபனி செய்வது இதன் மறுதலை. இடையிலுள்ள நிலத்தை அழித்துவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைக்கிறது. மரம் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பனிப் படங்களின் மயக்கம் பெரிதும் இத்தெரியாமையிலிருந்தே பிறக்கிறது.

நம் மரபின் ஓவியத்திலோ இம்மயக்கத்திற்கு இடமில்லை. பாரசீகச் சிற்றோவியங்களில் மலையுச்சியிலுள்ள மரத்தின் ஒவ்வோர் இலையும் முன்னே நிற்கும் மரத்தின் இலையைப் போன்றே கூர்மையாக இருக்கும். தூரம் பொருளை மங்கச் செய்வதில்லை. அம்மரபின் மண்ணிலிருந்து வந்த அப்பாஸ் கியாரோஸ்தமி (1940-2016) மரங்களைப் படம் பிடித்தபோது என்ன செய்தார் என்று காண்பது பயனுடையது. திரைப்பட இயக்குநராக உலகம் அவரை அறியும். 1997இல் ‘செர்ரியின் சுவை’ கான் விழாவின் உயரிய விருதைப் பெற்றது. ஆயினும் 1970களின் இறுதியிலிருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அவர் பனிவெளியில் நிற்கும் மரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவந்தார். அவற்றுள் பல 2005இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனித் துளியையும், காற்றில் மிதக்கும் மூட்டத்தையும், நிலத்தில் குவியும் உறைபனியையும் குறித்து நம்மைக் குழப்பும். கியாரோஸ்தமியின் பனி பெரும்பாலும் மூன்றாவது வகை. இவ்வேறுபாடு முக்கியமானது. உறைபனியில் வெண்மை நிலத்தில் கிடக்கிறது. காற்று தெளிவாகவே இருக்கலாம். அவர் படங்கள் சிலவற்றில் வெயிலடித்து மரங்களின் நிழல்கள் வெண்தரையில் நீண்டு கிடக்கின்றன. அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. தேவையற்றவை மூடப்பட்டு, மரமும் நிழலும் இரட்டைக் கோடுகளாக நிற்கின்றன. வேறு சில படங்களில் வானமும் தரையும் ஒரே வெண்மையாகிவிட, மரம் தாங்குவாரின்றி நிற்பதுபோல் தோன்றும். இவற்றைக் கண்டவுடன் எழுத்தணிக் கலையோடு, குறிப்பாக நஸ்தஅலீக் எழுத்தோடு, ஒப்பிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தணியில் கோடு ஒரு கையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. கியாரோஸ்தமியின் கிளைகளோ காற்றும் சுமையும் வளைத்த வண்ணம் கிடக்கின்றன. அவர் அவற்றைத் திருத்த முயலவில்லை என்பதே அப்படங்களின் பெருமை. தம் இறுதிப் படைப்பான ‘24 ஃப்ரேம்ஸ்’ என்னும் திரைப்படத்தில் (2017) தாம் எடுத்த ஒளிப்படங்களுக்குள் கணினி வழியே பறவைகளையும் விலங்குகளையும் பொழியும் பனியையும் நுழைத்து அசையவைத்தார். அங்கே சில காட்சிகளில் அந்த அடக்கம் தளர்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மூடுபனி என்ற பொருளுக்கு நேராக வருபவர் கொரியாவின் பே பியோங்-உ. 1950இல் யோசு என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். 1980களின் நடுவிலிருந்து, சில்லா அரசர்களின் கல்லறைகள் உள்ள கியோங்ஜு நகரின் பைன் மரங்களை விடியற்காலைப் பனியில் எடுத்துவருகிறார். (பின்னாளில் இவரே கிரனாடாவின் அல்ஹம்ப்ராத் தோட்டங்களையும் படம் பிடித்தார்.) அப்படங்களில் மரத்தின் உச்சியோ வேரோ பெரும்பாலும் தெரியாது. வளைந்த அடிமரங்கள் மட்டும், முன்னே கரியாகவும் பின்னே சாம்பலாகவும் அதற்கும் பின்னே வெறும் ஐயமாகவும் நிற்கும். பனி அவருக்கு ஒப்பனையாக அமையவில்லை. காட்டின் ஆழத்தை அளக்கும் கோலாக அதனைப் பயன்படுத்தினார். அவர் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்தவர். ஆதலின் வண்ணத்தைத் துறக்கும் முடிவை மரத்தின் முன் நிற்கும்போதே எடுத்தாக வேண்டியிருந்தது. இன்றைய டிஜிட்டல் காமிராவில் அம்முடிவு வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திய பின்னர் எடுக்கப்படுகிறது. இது சிறிய வேறுபாடு அன்று.

வண்ணம் நீக்குதல் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் நீக்குதல் அன்று, கலத்தல். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உள்ளன. வழக்கமான ஒரு கணக்கில் பச்சையில் 59 விழுக்காடும், சிவப்பில் 30 விழுக்காடும், நீலத்தில் 11 விழுக்காடும் சேர்த்துச் சாம்பல் உண்டாக்கப்படுகிறது. இவ்விகிதத்தை விரும்பியவாறு மாற்றலாம். இங்கே பி. எச். எமர்சன் நினைவுக்கு வருகிறார். ஒளிப்படம் இயற்கையைக் கண் காண்பதுபோல் காட்ட வேண்டும் என்று 1889இல் நூலெழுதிய ஆங்கிலேயர். நூல் வந்த சிறிது காலத்திலேயே, ஒளிப்படத்தின் கருமை வெண்மைகளைக் கலைஞன் விரும்பியபடி ஆள முடியாது என்பதை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்னும் இருவரின் ஆய்வால் உணர்ந்து, தம் கொள்கை மாண்டுவிட்டதாகத் தாமே கருப்பு எல்லையிட்ட துண்டுநூல் வெளியிட்டார். அதன்பின்னும் 1895இல் ‘மார்ஷ் லீவ்ஸ்’ என்னும் தொகுப்பில், நார்ஃபக் சதுப்புநிலத்தின் பனியும் மெலிந்த மரங்களும் நிறைந்த, அவர் எடுத்தவற்றுள் மிகச் சிறந்த படங்களைத் தந்தார் என்பது வேடிக்கை. எந்த ஆளுகை இல்லையென்று அவர் மனம் நொந்தாரோ, அது இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கிறது.

இருக்கட்டும். உண்மையான மூடுபனியில் இந்த ஆளுகையால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. நீர்த்துளிகள் மூன்று வண்ணங்களையும் ஒன்றுபோல் சிதறடிப்பதால் எந்த விகிதத்தில் கலந்தாலும் பனியின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே. லோதி தோட்டத்துப் படத்தில் நான் கண்டதோ வேறு. அதன் வண்ணப் பிரதியில் மூட்டம் வெண்மையாக இல்லை. மஞ்சளும் பழுப்புமாக, பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது. வாகனப் புகை, வயல்களில் கொளுத்தப்படும் வைக்கோல்தாள், தூசி ஆகியவை குளிர்காலத்து அசையாக் காற்றில் தேங்கி, பனியோடு கலந்து உண்டாகும் நச்சுப்புகை அது. அதிலுள்ள நுண்துகள்கள் நீர்த்துளிகளைவிட மிகச் சிறியவை. நீல ஒளியையே மிகுதியும் சிதறடிப்பவை. நைட்ரஜன் டைஆக்சைடு நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழுப்பு நிறம் இங்கிருந்தே வருகிறது. டெல்லி மட்டுமன்று; ஷாஜஹானின் ஷாலிமார் தோட்டம் உள்ள லாகூரில் 2024 நவம்பரில் காற்று மாசுக் குறியீடு 1000ஐத் தாண்டியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன.

அந்த நிறமே சாட்சி. வண்ணத்தை நீக்கியவுடன் சாட்சி மறைகிறது. நச்சு, விடியற்பனி ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சிவப்பை மிகுத்துக் கலந்தால் அம்மூட்டம் மெலியும், குவிமாடம் வெளிப்படும். நீலத்தை மிகுத்தால் மூட்டம் தடிக்கும், மண்டபம் மறையும். அன்று காலை டெல்லி மக்கள் எவ்வளவு புகையைச் சுவாசித்தனர் என்பதைப் படம் எடுத்தவர் தம் மேசையில் அமர்ந்து கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளும் நீலத்தையே மிகுதியாக உணர்ந்து தொலைவைத் தேவைக்கு மேல் மங்கச் செய்தன. ஆனால் அன்று அது தகட்டின் குறை. இன்று கலைஞரின் தேர்வு.

நச்சுப்புகையை அழகாக எடுக்கவே கூடாது என்பது என் வாதமன்று. லண்டன் புகையை மோனே தீட்டினார். எனினும் அதன் ஊதாவையும் மஞ்சளையும் அவர் மறைக்கவில்லை. பே பியோங்-உவின் படங்களில் வண்ணம் இல்லாமையால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. கியாரோஸ்தமியின் வெண்மையும் அப்படியே. லோதி தோட்டத்துப் படத்திலோ நீக்கப்பட்டதே செய்தி. ‘புகைப்படம்’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘ஒளிப்படம்’ என்றே எழுத வேண்டும் என்று அறிஞர் சிலர் வற்புறுத்துவர்; நானும் அவ்வாறே எழுதிவருகிறேன். இந்த ஒரு படத்திற்குப் பழைய சொல்லே பொருத்தம் என்று அந்த இளைஞரிடம் கூறினேன். சிரித்தார்.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். வண்ணப் பிரதியில் மரத்தின் வடிவம் எடுபடவில்லை, பழுப்பு நிறம் கண்ணை உறுத்துகிறது என்றார். அது உண்மைதான், படம் என்ற அளவில் கறுப்பு வெள்ளையே வலிமையானது. ஊர் திரும்பிய பின் அதனையே கண்காட்சிக்கு அனுப்பியதாகத் தெரிவித்தார். முன்பு ‘விடியல்’ என்று வைத்திருந்த தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். நாளும் நேரமும் அன்றைய மாசுக் குறியீட்டு எண்ணும் இப்போது அதன்கீழ் இருக்கின்றன.